தறி நின்ற மத்தியானம்

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பாய், இதுல லைட் எரியுமா?" என்பதுதான். எரியும். சிவப்பு எரியும், பச்சை எரியும், கல்யாண மண்டபம் மாதிரி மாறி மாறி எரியும். ராம் எவ்வளவு, டிஸ்க் என்ன, பிராசசர் எந்தக் காலத்தது என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது. டவுன்ஹால் பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடை வைத்திருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அப்படி முதன்முதலில் என்னிடம் கேட்டவன் வம்சி.

வம்சியும் நானும் ஒரே காலேஜ். அவன் அப்பா வேங்கடசாமிக்குச் சோமனூருக்குத் தெற்கே, வீட்டை ஒட்டியே ஒரு விசைத்தறி ஷெட். கல்யாணமான புதிதில் கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வேண்டுமென்று வந்தான். கடையில் இருந்ததிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கீழேயே இறக்கவில்லை. மற்றதெல்லாம் கையில் கிடைத்ததைப் போடு என்றான். "டேய், கார்டு மட்டும் ஆனை மாதிரி இருந்து என்னடா பண்றது, மத்தது அதுக்கு ஈடு குடுக்கோணுமல்ல" என்று கத்தினேன். "லைட் எரியுதல்ல ரியாசு, விடு" என்று சிரித்தான். அடுத்த வருசம் அவினாசி ரோட்டில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டுவிட்டது.

அந்தப் பெட்டிதான் இப்போது அவன் மனைவி அக்ஷயா கையில் இருக்கிறது. அவள் கேம் விளையாடுகிறவள் அல்ல, கேமுக்குள் வருகிற இடங்களைச் செய்கிறவள். தெரு, சுவர், தண்ணீர்த் தொட்டி, வானம் என்று எதைச் சொன்னாலும் திரையில் எழுப்பிவிடுவாள். காலையில் கருமத்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். சாயங்காலம் வந்து இந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

வம்சி போன பிறகு அந்த வீட்டில் இருப்பது மாமனாரும் மருமகளும் மட்டும். வம்சியின் அம்மா அவன் படிக்கும்போதே போய்விட்டார். ஓசூரிலிருந்து அக்ஷயாவின் அண்ணன் வந்து கூப்பிட்டுப் பார்த்தான், அவள் போகவில்லை. வீட்டில் அவர்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள் என்று பேர்தான். நான் போகும்போதெல்லாம் கேட்டது, "சாப்பிடுங்க மாமா", "சரி அம்மணி" என்கிற இரண்டு வாக்கியங்கள். அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பகல் முழுவதும் தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் கரண்ட் இருக்கும்போது தறி நின்றால் ஒரே அர்த்தம்தான். யாரோ செத்துப்போயிருக்கிறார்கள். ஒரு ஷெட் நின்றால் பக்கத்து ஷெட்டும் நிற்கும், அதைக் கேட்டு அடுத்ததும் நிற்கும். வம்சியைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு அந்த வீதி முச்சூடும் அப்படித்தான் நின்றது.

இந்தப் பங்குனி பிறந்ததிலிருந்து எனக்கு அந்த வீட்டுக்கு நடையாய் நடக்கிற வேலை. ஐதராபாத்தில் ஒரு கேம் கம்பெனி அக்ஷயாவுக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தது. ஒரு தெருவைச் செய்து அனுப்ப வேண்டும். அதற்குள் நடந்துபோனால் திக்காமல் திணறாமல் போக வேண்டும். பிடித்திருந்தால் வேலை, ஐதராபாத்துக்கே போய் இருக்க வேண்டும். அவள் ஈரோட்டு ஜவுளிச் சந்தையைச் செய்துகொண்டிருந்தாள். விடிவதற்கு முந்தைய நேரம், மழை பெய்து விட்டிருக்கிறது, தார்ப்பாய் விரித்த கடைகள், துணி மூட்டைகள், வரிசை வரிசையாக டியூப் லைட். ஆள் யாரும் இல்லை.

"ஆள் ஒருத்தரும் இல்லையேம்மா?" என்று கேட்டேன்.

"ஆளுக செய்யறது வேற டீமுங்கண்ணா. நமக்கு எடம் மட்டுந்தான்" என்றாள்.

முதலில், அந்தத் தெருவைத் திறக்கவே ஒரு டீ குடித்துவிட்டு வருகிற நேரம் ஆகிறது என்றாள். பழைய சுழல்கிற டிஸ்க், ஆகாமல் என்ன செய்யும். எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேங்கடசாமி, "கார்டு அத்தாம் பெருசு இருக்குதுங்களே கண்ணு, அப்புறம் எதுக்கு நிக்குது?" என்றார்.

"தறி எத்தனை இருந்தா என்னங்கப்பா, நூல் கொண்டாந்து போடற ஆள் ஒருத்தன், அவனும் நொண்டின்னா எப்படி ஓடும்?" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம், மூட்டைகளுக்கெல்லாம் துணியின் நெசவு தெரிகிற மாதிரி படம் ஏற்றியவுடன், தெருவைக் கட்டுகிற அந்த எஞ்சின் சாப்ட்வேர் தானாக மூடிக்கொள்கிறது என்று கூப்பிட்டாள். ராம் பற்றவில்லை. கூட்டிப் போட்டேன். அதற்கடுத்த வாரம் வெளிச்சம். ஒவ்வொரு டியூப் லைட்டும் எந்தச் சுவரில் எப்படி விழும், ஈரத்தரையில் எவ்வளவு தெறிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துவிட்டால்தான் பிறகு அந்தத் தெருவில் நடக்கும்போது திணறாது. அந்தக் கணக்கை அவள் எஞ்சினில் கார்டு போடாது, பிராசசர்தான் போட வேண்டும். அதன் எல்லாக் கோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட வேண்டும். பாதியில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் பிராசசரையும் மாற்றினேன், அதற்குமேல் நல்ல கூலர் ஒன்றும் வைத்தேன். "காலைல ஸ்டார்ட் பண்ணிட்டு ஸ்கூலுக்குப் போம்மா. நீ வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும். முடியலைன்னா என் கடைய மூடிடறேன்" என்று சவடால் வேறு விட்டுவிட்டு வந்தேன்.

முடியவில்லை. அன்று சாயங்காலம் அவள் வந்து பார்த்தபோது பெட்டி அணைந்து கிடந்திருக்கிறது. மறுநாளும் அப்படியே. நான் போய் உட்கார்ந்து ஓட்டினால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. நான் கிளம்பியதும் படுத்துக்கொள்கிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். தறி வீட்டுப் பெட்டிக்குள் வேறு என்ன இருக்கும், பஞ்சுதான். விசிறியில், கூலரின் தகடுகளில் எல்லாம் வெள்ளைவெள்ளையாக அப்பியிருந்தது. ஊதி எடுத்தேன். அந்த வெள்ளைக்குள் இரண்டு மூன்று அரக்குச் சிவப்பு இழையும் இருந்தது. அவர்கள் ஷெட்டில் ஓடுவது வெள்ளைக் காடாத் துணி மட்டும். "இது எங்கிருந்தும்மா வந்துச்சு?" என்று காட்டினேன். அக்ஷயா அதை வாங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, "காத்துல வந்திருக்குமுங்கண்ணா" என்றாள்.

கடைசி நாள் வந்துவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் அனுப்பியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், அரை நாள்தான் என்பதால் காலையில் ஓட விட்டுவிட்டுப் போகிறேன், வந்து அனுப்பிவிடுகிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். எனக்கு அன்று திருப்பூரில் வேலை. முடித்துத் திரும்பும்போது மனசு கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் வண்டியைச் சோமனூர்ப் பக்கம் திருப்பினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தார்ரோடு இளகி டயரைப் பிடித்தது. கேட் திறந்திருந்தது. தறிச் சத்தத்தில் நான் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. நேராக அக்ஷயாவின் அறைக்குப் போனேன்.

பெட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு சென்னிமலைப் போர்வை இருந்தது. அரக்குச் சிவப்பு, கனமான போர்வை, இரண்டாக மடித்து, நாலு பக்கமும் இழுத்துச் செருகி, காய்ச்சல்காரனுக்குப் போர்த்திவிட்ட மாதிரி. உள்ளே விசிறி கத்திக்கொண்டிருந்தது. நான் போர்வையை உருவி எறிந்தேன். அனல் முகத்தில் அடித்தது. திரையில் வெளிச்சக் கணக்கு பாதிகூடத் தாண்டவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டப்பென்று அணைந்தது. கூலரின் விசிறியை விரலால் தள்ளிப் பார்த்தேன், சுற்றவில்லை. வெந்துபோயிருந்தது.

வேங்கடசாமி பின்னால் வந்து நின்றார். கையில் கரண்டி. சமையலறையிலிருந்து அரிசிம்பருப்புச் சோற்றின் வாசம் வந்தது.

"கண்ணு, எப்ப வந்தீங்க?"

"இதை யாருங்கப்பா போட்டது?"

"நாந்தானுங்க. பஞ்சு பூந்துக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. தறிப் பாவு நூலு மேல தூசி படியாம மூடி வெப்பமுங்களே, அதாட்டம் மூடிப்போட்டேன். அம்மணி வர்ற நேரத்துக்கு எடுத்துருவேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. இதற்காகவா ராமும் டிஸ்க்கும் பிராசசரும் மாற்றினேன். "ஐயோ அப்பா, இது ஓடறப்ப சூடாகும். காத்து போய் வரோணும். மூடுனா வேகத்தைக் கொறைச்சுக்கும், அப்பறம் தானா அணைஞ்சுரும். பஞ்சு பூந்தாக்கூடப் பரவால்லீங்க, மூடக் கூடாது" என்றேன்.

"அப்படிங்களா" என்றார். "தெரியாமப் போச்சுங்க கண்ணு."

ஸ்பேர் விசிறி ஒன்று வண்டியில் இருந்தது. அதை எடுக்க ஷெட் வழியாகப் போனேன், அவரும் கூட வந்தார். உள்ளே தறி ஓட்டுகிற திருமலைசாமி, வேர்வை துடைத்த துண்டைக் காயட்டும் என்று ஓடுகிற மோட்டார்மேல் போட்டிருந்தார். வேங்கடசாமி அதைப் பார்த்தாரோ இல்லையோ, நாலு எட்டில் போய்த் துண்டைப் பிடுங்கினார்.

"ஓடற மோட்டாரு மேல துணி போடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றதுங்க? மூச்சடைச்சு மோட்டாரு காயில் கருகிப் புகைஞ்சு போகாதா? என்ன மனுசனுங்க நீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் பக்கத்தில் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது. துண்டோடு அப்படியே நின்றார். நானும் அவரையே பார்த்தேன். திருமலைசாமி ஒன்றும் புரியாமல் துண்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஷெட்டுக்கு வெளியே தகரக் கூரை நிழலுக்கு வந்தோம். அங்கேயும் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"தெரிஞ்சேதான் மூடுனீங்களாப்பா?"

அவர் கரண்டியைப் பார்த்தார். அதை இன்னும் கையில் வைத்திருந்தார். "தெரியாம என்னங்க. ஆயுசுக்கும் மோட்டாரோடதான குடும்பம் நடத்தறேன்."

"அந்தப் புள்ள ராப்பகலா ஒக்காந்து செஞ்சதுங்க. இன்னைக்குப் பொழுதோட அனுப்பலைன்னா போச்சு. இது துரோகமில்லீங்களா?"

"கெடுத்துப் போடோணும்னு இல்லீங்க கண்ணு. இந்த மாசம் முடியலீன்னா அடுத்த மாசம் இருப்பாளல்லொ. அதுக்கு மேல ரோசனை பண்ணலைங்க நான்." கரண்டியைத் தூணோரம் சாய்த்து வைத்தார். "பொழுதோட வண்டி சத்தம் கேக்கும். அம்மணி வந்து கேட்டத் தொறக்கும். மாமா, சாப்பிடலியான்னு ஒரு வார்த்தை. அதுக்குத்தான் பொழுதுக்கும் காத்துக்கிட்டிருக்கேன். பேசறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா அந்த ரூம்ல லைட் எரியறது எனக்கு இங்கிருந்து தெரியும். அம்மணியும் போயிட்டா எந்த லைட்டப் பாக்கறது? ஒரு ஆளுக்குச் சோறு ஆக்கறதுக்கு எனக்கு அளவே தெரியாதுங்க."

பாவமாகத்தான் இருந்தது. கோபமும் அடங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. "அது வம்சி மடியில வெச்சு எடுத்துட்டுப் போன கார்டுங்கப்பா. அதையே வேக வெச்சுட்டீங்களே" என்றேன்.

அந்தச் சொல் அவரை அடித்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டார். ஏன்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

"விடுங்கண்ணா" என்று குரல் கேட்டது. அக்ஷயா கேட்டுக்குள் நின்றிருந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் வண்டி வந்த சத்தமும் எங்களுக்குக் கேட்டிருக்கவில்லை. "மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"போர்வை போடறது. நீங்க அந்தச் சிகப்பு இழையக் காட்டுனப்பவே தெரியுமுங்க. எங்க ஊட்டுல அந்தக் கலர்ல வேற எதுவும் இல்லீங்களே."

"தெரிஞ்சுமா நேத்து பேன் பாருங்க, முந்தாநாள் கூலர் பாருங்கன்னு என்னைய அலைய விட்டே?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை. "போறேன்னு சொல்றதுக்கு வாய் வரலீங்கண்ணா. போகலைன்னு சொல்றதுக்கும் வரலீங்க. மெசின் முடியாதுன்னு சொல்லட்டும், நாம பேசாம இருந்துக்கலாம்னு விட்டுட்டேன். தெனமும் ஸ்டார்ட் பண்ணிட்டுத்தான் போவேன். மாமா மூடிருவாங்கன்னு தெரிஞ்சுதான் போவேன்."

சுவருக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டே இருந்தது. வேங்கடசாமிதான் முதலில் பேசினார். அவளிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். போக ஆசைதானா என்று கேட்டிருப்பார். அந்தத் தலையாட்டலைப் பார்த்த எவருக்கும் அது புரிந்துவிடும்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இப்ப ஓட விட்டா பொழுது உளுகறதுக்குள்ள முடியுமுங்களா கண்ணு?"

"புது விசிறி போட்டு, சைடு மூடியக் கழட்டி வெச்சு, டேபிள் பேனையும் திருப்பி வெச்சா முடியுமுங்க. ஆனா தறி ஓடறப்ப தொறந்து வெச்சா ஷெட்டுப் பஞ்சு முச்சூடும் உள்ள போகும். விசிறில சிக்குச்சுன்னா மறுபடியும் நின்னுக்கும். அதுதான் ரோசனையா இருக்குது."

"அதுக்கு ரோசனை எதுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போனார்.

நான் அறைக்குப் போய் விசிறியை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்ஷயா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் திருகை முடுக்கும்போது தறிச் சத்தம் நின்றது. எல்லாத் தறியும் ஒரே நேரத்தில். ஷெட்டின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டிருந்தார். எனக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொண்டதோ என்று இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. கூடத்துக் கடிகாரம், குழாய் சொட்டுவது, டார்ச் பிடித்திருந்த பெண் மூக்கை உறிஞ்சுவது. டார்ச் வெளிச்சம் திருகை விட்டு விலகியிருந்தது. "இங்க காட்டும்மா" என்றேன். எத்தனையோ வருசமாக வந்துபோகிற வீட்டில் அன்றைக்குத்தான் சத்தம் போடாமல் ஒரு வார்த்தை பேசினேன்.

வீட்டு லைனில் பெட்டியை ஓட விட்டோம். திரையில் ஈரோட்டுச் சந்தை வந்தது. வெளிச்சக் கணக்கு ஒன்றிலிருந்து ஏற ஆரம்பித்தது. சூடு ஏறியது, ஓரிடத்தில் போய் நின்றது, அதற்குமேல் போகவில்லை. இனி முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கிடந்த போர்வையை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

வெளியே பக்கத்து ஷெட்டும் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. வீதி முனைவரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டே போனது. நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். வேங்கடசாமி ஷெட் படியில் உட்கார்ந்திருந்தார். திருமலைசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். ஆட்கள் கேட்டுக்கு வெளியே வந்து, உள்ளே வரலாமா என்று தயங்கினார்கள். பக்கத்து ஷெட் பத்மாவதியம்மா மட்டும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். வம்சி போன அன்றைக்கும் முதலில் ஓடி வந்தது அவர்தான்.

"ஏனுங்ணா, கரண்டு இருக்குது, தறி நின்னுபோச்சு? யாருக்கு என்னங்க ஆச்சு? அம்மணி எங்க?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க" என்றார் வேங்கடசாமி. "அம்மணி உள்ளதான் இருக்குது. ஐதராபாத்துக்கு வேலைக்குப் போகுது."

"அதுக்கா தறிய நிறுத்துனீங்க?"

"ஆமாங்க. அதுக்குத்தானுங்க."

பத்மாவதியம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டுக்கு வெளியே நின்றவர்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.